முதலும் வருவாயும்: குமரப்பாவின் பொருளியலும் ஆவடி வட்டாரத்து ஏரிகளும்

வாணிகநூல் கற்கப் புகுவார்க்கு முதற்கண் கற்பிக்கப்படும் பாடம் ஒன்றுண்டு. முதல் வேறு, வருவாய் வேறு என்பதே அது. முதலினின்று பிறப்பது வருவாய். அதனை உண்ணலாம், உடுக்கலாம், பிறர்க்கு ஈயலாம். முதலையே எடுத்துண்டு அதனை வருவாய் என்று ஏட்டில் எழுதுபவன் தன்னையும் ஏமாற்றிப் பிறரையும் ஏமாற்றுபவன் ஆகின்றான். தந்தை தேடி வைத்த நிலத்தை ஆண்டுக்கொரு காணியாக விற்று விருந்திடுபவனை ஊரார் சில நாள் செல்வன் என்று புகழ்தல் கூடும். கணக்கறிந்தவன் அவ்வாறு புகழான். தலைப்புகளோடு எழுதப்படும் பேரேட்டிற்கும் அடுக்களைச் சுவரிற் கரியால் எழுதப்படும் பாற்கணக்கிற்கும் இவ்விதி ஒன்றே.

இப்பாடம் மிக எளிது. ஆயினும் தனிமனிதர் மறவாத இதனை நாடுகள் மறந்துவிடுகின்றன. ஒரு நாடு தன் மண்ணையும் நீரையும் காட்டையும் விற்றுண்டு, அவ்விற்பனையை வளர்ச்சி என்று ஆண்டறிக்கையில் எழுதுமாயின், அதனைத் தணிக்கை செய்து தவறென்று சொல்லுதற்கு யார் இருக்கின்றார்? இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் எழுப்பியவர் நம் தமிழ்நாட்டிற் பிறந்த கணக்குத் தணிக்கையாளர் ஒருவர். அவரே ஜே. ஸி. குமரப்பா. வாணிகத்துறையிற் பயின்று பொருள் ஈட்டிய அவர், மனிதனுடைய உள்ளத்தின் இயல்பை ஆராய்ந்து, இறுதியில் இயற்கையைக் காக்கும் அரசியலிற் புகுந்த வரலாற்றையும், அவர் வகுத்த கணக்கு நம் மேற்குப் புறநகர்களாகிய ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்னும் ஊர்களுக்கு எவ்வாறு பொருந்துமென்பதையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

குமரப்பா 1892-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4-ஆம் நாள் தஞ்சையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தார். இளமையில் அவர் பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ் என்பது. அவர் தந்தையார் அரசாங்கப் பொதுப்பணித் துறையில் அலுவல் பார்த்தவர். செல்லதுரை இலண்டன் மாநகரம் சென்று கணக்குத் தணிக்கைக் கலையை முறையாகக் கற்றுத் தேர்ந்து, அங்கேயே சில காலம் தொழில் நடத்தினார். முதல் உலகப்போர் முடிந்தபின் தாயகம் திரும்பிப் பம்பாயில் தணிக்கை நிறுவனம் ஒன்றில் பங்காளியாய் அமர்ந்தார். ஆங்கில உடையும் ஆங்கில நடையும் உடையவராய், நல்ல வருவாயோடு, தம் துறையில் மதிக்கப்பட்டவராய் வாழ்ந்தார். அப்போது அவரைக் கண்டவர்கள், இவர் பின்னாளிற் கதருடுத்துச் சிற்றூர்களிற் சுற்றுவார் என்று நினைத்திருக்கமாட்டார்கள்.

பின்னர் அவர் அமெரிக்கா சென்று, சிரக்யூஸ் சர்வகலாசாலையில் வாணிக நிர்வாகத்தில் 1928-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அங்கிருந்த காலத்தில், இந்தியா ஏன் வறுமையுற்றது என்னும் பொருள்பற்றி ஒரு திருச்சபை மன்றத்திற் பேசினார். அப்பேச்சின் செய்தி கொலம்பியா சர்வகலாசாலையில் அரசிறை நூற்பேராசிரியராயிருந்த செலிக்மன் என்பாரது கண்ணிற் பட்டது. அவர் தூண்டுதலால் குமரப்பா, இந்தியாவின் வறுமைக்கும் அரசாங்க வரவு செலவிற்கும் உள்ள தொடர்பையே தம் ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொண்டார். நிறுவனங்களின் ஏடுகளைத் தணிக்கை செய்து பழகிய கண் இப்போது ஓர் ஏகாதிபத்தியத்தின் ஏட்டைத் தணிக்கை செய்யலாயிற்று. குடிகள் கொடுத்த வரியில் எவ்வளவு குடிகளுக்கே திரும்பி வந்தது, எவ்வளவு படைக்கும் வெளிநாட்டுக் கடனுக்கும் போயிற்று என்று எண்ணிப் பார்த்தபோது, தாம் அதுகாறும் நம்பியிருந்த ஆட்சி நன்மையானதன்று என்னும் முடிவிற்கு அவர் வந்தார். அவரை நாட்டுப்பற்றிற்கு ஈர்த்தது மேடைப் பேச்சன்று. எண்களே என்பது மாணவர் கருதத்தக்கது.

1929-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் தம் ஆராய்ச்சி நூலுடன் சபர்மதி ஆசிரமத்திற்குச் சென்று காந்தியடிகளைக் கண்டார். அந்நூல் அடிகளின் ‘யங் இந்தியா’ இதழில் தொடர்ந்து வெளிவந்தது. அடிகள் அவருக்கு ஒரு பணியும் இட்டார். குஜராத்தில் கேடா ஜில்லாவைச் சேர்ந்த மாதர் தாலுகாவின் சிற்றூர்களுக்குச் சென்று, உழவர்தம் வரவையும் செலவையும் வீடுவீடாக ஆராய்ந்து அறிக்கை எழுதுதலே அப்பணி. நகரத்துத் தணிக்கையாளர் முதன்முறையாக உழவனுடைய கணக்கைப் பார்த்தார். அக்காலத்திலேயே கார்னீலியஸ் என்னும் பெயரை நீக்கித் தம் குடும்பத்துப் பழம்பெயராகிய குமரப்பா என்பதை மேற்கொண்டார்.

அவர் தொழிலை விட்டார். தொழிலின் ஒழுக்கத்தை விடவில்லை. 1934-ஆம் ஆண்டு ஜனவரியில் பீகாரிற் பெருநிலநடுக்கம் நேர்ந்தபோது, நிவாரண நிதியின் கணக்கை மேற்பார்க்கும் பொறுப்பு அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. தொண்டர் ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்றணாவே உணவுச் செலவு என்று அவர் வரையறுத்தார். காந்தியடிகளும் உடன் வந்தோரும் பாட்னாவிற்கு வந்தபோது, அவர்கள் செலவையும் அந்நிதியிலிருந்து அவ்வரம்பிற்கு மேல் கொடுக்க இயலாதென்று குமரப்பா மறுத்துவிட்டார் என அவருடைய வரலாற்றிற் கூறப்படுகின்றது. நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்க்கென்று வந்த பணம் அது; வேறெவர்க்கும் உரியதன்று. அவ்வாண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றியபோது, அதன் செயலாளராய் வார்தாவில் மகன்வாடி என்னுமிடத்தில் அவர் அமர்ந்தார்.

மகன்வாடியில் நடந்த பல முயற்சிகளுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அக்காலத்தில் சிற்றூர்களில் மண்ணெண்ணெய் விளக்கு பரவிவிட்டது. குமரப்பாவும் அவர் தோழர்களும் தாவர எண்ணெயால் நன்கு எரியக்கூடிய ‘மகன் தீபம்’ என்னும் விளக்கை ஆக்கினர். மண்ணெண்ணெய் நன்றாக எரிகின்றதே, அதனை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பார்க்கு அவர் தம் கொள்கையில் விடை வைத்திருந்தார். மண்ணெண்ணெய் நிலத்தடியில் என்றோ சேர்ந்து கிடந்த பொருள், எடுக்குந்தோறும் குறைவது, மீண்டும் நிறையாதது. எள்ளும் ஆமணக்கும் ஆண்டுதோறும் மழையாலும் வெயிலாலும் உழவன் கையாலும் விளைபவை. முன்னதை எரிப்பவன் முதலை எரிக்கின்றான். பின்னதை எரிப்பவன் வருவாயை எரிக்கின்றான்.

இக்கருத்தையே அவர் 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்திற்குப்பின் ஜபல்பூர்ச் சிறையிலிருந்தபோது விரிவாக எழுதினார். அந்நூல் ‘எக்கானமி ஆஃப் பெர்மனென்ஸ்’ என்னும் பெயருடன் காந்தியடிகளின் முன்னுரையோடு 1945-ஆம் ஆண்டு வெளிவந்தது. நிலைத்த பொருளியல் என்று அதனைத் தமிழில் வழங்கலாம். நிலக்கரி, கல்லெண்ணெய், இரும்பு, செம்பு முதலியவற்றைச் சார்ந்த வாழ்வை அவர் தேக்கத்தைச் சார்ந்த வாழ்வென்றார். ஓடும் ஆற்றுநீரையும் வளரும் மரத்தையும் சார்ந்து, அவற்றின் ஆண்டு வளர்ச்சியை மாத்திரம் பயன்கொள்ளும் வாழ்வை ஓட்டத்தைச் சார்ந்த வாழ்வென்றார். தேக்கம் குறையுந்தோறும் அதற்காக நாடுகள் போரிடும் என்றும், ஓட்டத்தைச் சார்ந்த வாழ்வே அமைதிக்கு அடிப்படை என்றும் அவர் எழுதினார். எண்ணெய்க் கிணறுகளை முன்னிட்டு உலகிற் பின்னர் நிகழ்ந்த போர்களை அறிந்த நாம், அவர் கூற்றை வெறுங் கற்பனை என்று தள்ளுதற்கில்லை.

இனி, அவர் நூலில் உளநூல் பயில்வார்க்கு உவப்பாகும் பகுதியைக் காண்போம். பொருளியலறிஞர் பலர் மனிதனை விலைவாசியை மாத்திரம் நோக்கி நடக்கும் பொறியாகக் கொண்டனர். குமரப்பாவோ மனிதனுடைய மனநிலையையே பொருளியலின் வேராகக் கண்டார். உயிர்கள் உணவு தேடும் முறையை அவர் ஐந்தாகப் பகுத்தார். புலி ஆட்டைக் கொன்று, தனக்கு உணவு தரும் மூலத்தையே அழிக்கின்றது. இது முதல் நிலை. குரங்கு தான் வைக்காத தோட்டத்திற் புகுந்து பழத்தைத் தின்கின்றது. மரத்தை அழிக்காவிடினும் அதற்கு எதுவும் செய்வதில்லை. இஃது இரண்டாம் நிலை. பறவை தன் முயற்சியாற் கூடு கட்டித் தன் உழைப்பின் பயனைத் தான் துய்க்கின்றது, இது மூன்றாவது. தேனீ தனக்கென்றன்றித் தன் கூட்டத்திற்கென்று தேன் சேர்க்கின்றது, இது நான்காவது. தாய்ப்பறவை கைம்மாறு கருதாது குஞ்சுக்கு இரை ஊட்டுகின்றது. இஃது ஐந்தாவதும் உயர்ந்ததுமாகிய தொண்டு நிலை.

ஒரே மனிதன் இவ்வைந்து நிலைகளிலும் நிற்கக்கூடும் என்பதே இதன் நுட்பம். தன் வீட்டிற் குழந்தைக்குத் தாய்ப்பறவையாய் இருப்பவன், தெருவில் இறங்கியதும் குரங்காய் மாறுகின்றான். தன் வீட்டுக் குப்பையைப் பொதுக்குளத்திற் கொட்டும்போது புலியாகவே ஆகிவிடுகின்றான். எது தன்னுடையது, எது பிறருடையது, எது ஒருவருக்கும் உரியதன்று என்று உள்ளம் இடுகின்ற எல்லைக்கோடே இம்மாற்றத்திற்குக் காரணம். அவ்வெல்லையை அகலமாக்குதலே கல்வியின் பயன். வாழ்க்கைத்தரம் என்னும் சொல்லையும் குமரப்பா ஆராய்ந்தார். உயர்ந்த தரம், தாழ்ந்த தரம் என்று பேசுவது பிழை. சிக்கலான வாழ்வு, எளிய வாழ்வு என்றே பேசவேண்டும் என்பது அவர் கொள்கை. வாழையிலையில் உண்பவன் தாழ்ந்தவனும் அல்லன். பீங்கான் தட்டில் உண்பவன் உயர்ந்தவனும் அல்லன். உயர்வு தாழ்வு என்னும் சொற்களே நம் உள்ளத்தில் வேண்டாத விருப்பங்களை விதைக்கின்றன என்று அவர் கண்டார்.

இத்துணை அறிஞரின் வழியை விடுதலை பெற்ற நாடு மேற்கொண்டதா என்று வினவின், இல்லையென்றே கூறவேண்டும். அவ்விடையின் ஒரு பகுதி நம் புறநகரிலேயே எழுதப்பட்டது. 1955-ஆம் ஆண்டு ஜனவரியில் காங்கிரஸ் மகாசபையின் 60-ஆவது கூட்டம் ஆவடியிற் கூடிற்று. தேபர் தலைமை வகித்த அக்கூட்டத்தில், சமதர்ம மாதிரியான சமுதாயத்தை அமைத்தலே நாட்டின் நோக்கம் என்னும் தீர்மானம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் பெருந்தொழில்களுக்கு முதன்மை தந்தது. வறுமையை ஒழிக்க வேண்டும் என்பதில் ஆவடித் தீர்மானத்திற்கும் குமரப்பாவுக்கும் வேறுபாடில்லை; வழியிலேயே வேறுபாடு. அவர் சிற்றூரையும் ஆண்டு விளைவையும் அடிப்படையாகக் கொள்ளச் சொன்னார். நாடு இரும்பையும் பெருஞ்சாலைகளையும் நாடிற்று. அக்காலத்தில் அவர் உடல் நலிந்து மதுரை ஜில்லா தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வாழ்ந்தார். 1960-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், சென்னையில் உயிர் நீத்தார்.

தீர்மானம் நிறைவேறிய ஊரிலேயே அதன் விளைவும் விரைவிற் காணப்பட்டது. அம்பத்தூரில் 1949-ஆம் ஆண்டிலேயே சைக்கிள் தொழிற்சாலை தோன்றியிருந்தது. 1960-களில் ஆவடியிற் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் பெரிய தொழிற்பேட்டையும் எழுந்தன. இவை பல்லாயிரங் குடும்பங்களுக்குச் சோறிட்டன. உழவு பொய்த்த ஊர்களிலிருந்து வந்தவர்களுக்குத் தொழிலும் கூலியும் தந்தன. அவர்தம் பிள்ளைகளைக் கல்லூரிப் படியேற்றின. இவ்வரவை ஏட்டில் எழுதாதவன் நேர்மையான கணக்கன் அல்லன். ஆனால் ஏட்டின் மறுபக்கமும் எழுதப்பட வேண்டுமன்றோ?

அம்மறுபக்கம் ஏரிகளில் இருக்கின்றது. இவ்வட்டாரம் வற்றாத ஆறில்லாத நாடு. கூவமும் மழைக்காலத்தையே நம்பியது. ஆதலின் நம் முன்னோர் ஏரிகளைத் தொடராக அமைத்தனர். மேலேரி நிறைந்தால் கலிங்கு வழியாக மிகுநீர் கீழேரிக்குப் பாயும். அம்பத்தூர் ஏரியின் மிகுநீர் கொரட்டூர் ஏரியையும், அதன் மிகுநீர் இரட்டை ஏரியையும் சென்று சேரும். ஏரி பெயரளவில் தேக்கமாயினும், குமரப்பாவின் பகுப்பில் அஃது ஓட்டத்தையே சேர்ந்தது. ஆண்டுதோறும் மழையால் நிறைவது. ஆண்டு நீரை எடுத்தால் குறைவுறாதது. ஏரியின் நீர் வருவாய். ஏரியின் படுகையும் கரையும் வரத்துக் கால்வாயும் முதல். படுகையை மனையாக்கி விற்பவன் முதலை விற்கின்றான். கால்வாயை அடைப்பவன் முதலை அழிக்கின்றான். ஏரியிற் சாக்கடை கலப்பவன், விதைநெல்லில் மண்ணெண்ணெய் ஊற்றுபவனுக்கு ஒப்பாவான்.

இக்கணக்கின் பற்று எவ்வாறு வந்தது என்பதை அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டால் அறியலாம். பூந்தமல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவுடையது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் பெருமழையில் அதிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரையில் நீர் திறக்கப்பட்டது; அடையாற்றின் இருகரையும் வெள்ளத்தில் மூழ்கின. மேலும் கீழும் உள்ள சிற்றேரிகளும் கால்வாய்களும் பண்டைய அளவில் இருந்திருப்பின், அவ்வெள்ளத்தின் ஒரு கூறையேனும் அவை தாங்கியிருக்கும். அதன்பின் நான்காண்டு கழியுமுன், 2019-ஆம் ஆண்டுக் கோடையில், அதே செம்பரம்பாக்கமும் பூண்டியும் சோழவரமும் செங்குன்றமும் வறண்டன. ஜூலை 12-ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 25 இலட்சம் லிட்டர் குடிநீர் இரயில் வண்டியேறி வில்லிவாக்கத்திற்கு வந்து சேர்ந்தது. வில்லிவாக்கமோ கொரட்டூர் ஏரிக்கு மிக அணித்தே உள்ள ஊர்! ஒரு முறை நீர் மிகுந்து அழிந்தோம். மறுமுறை நீரின்றித் தவித்தோம். இரண்டும் ஒரே நோயின் இரு குறிகள்.

இங்கே கணக்குநூலார் கவனிக்கத்தக்க விந்தை ஒன்றுண்டு. ஏரிப்படுகையில் வீடு கட்டும்போது அச்செலவு நாட்டு வருமானத்திற் சேர்கின்றது. வெள்ளத்தில் இடிந்த வீட்டைத் திருத்துங் கூலியும் சேர்கின்றது. இரயிலில் நீர் கொணர்ந்த செலவும், லாரி நீருக்குக் கொடுத்த விலையும் சேர்கின்றன. ஏரி அழிந்த நட்டம் மட்டும் எங்கும் கழிக்கப்படுவதில்லை. குமரப்பா கண்ட பிழை இதுவே. உலகம் அதனை மெல்ல மெல்ல உணரத் தலைப்பட்டது. இங்கிலாந்தின் நிலக்கரி வாரியத்திற் பொருளியலறிஞராய் அலுவல் பார்த்த ஷூமாக்கர், 1973-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலிற் குமரப்பாவை எடுத்துக்காட்டினார். ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணைக்குழு, இயற்கைச் செல்வத்தின் குறைவையும் கணக்கிலெழுதும் முறையை 2012-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. தஞ்சைத் தணிக்கையாளர் சிறையிலிருந்து எழுதியதை உலகத்தின் கணக்கர்கள் ஏற்பதற்கு ஏறக்குறைய எழுபதாண்டு ஆயிற்று.

குமரப்பாவின் கொள்கை முழுவதும் இன்று நடைமுறைக்கு ஒத்ததா என்று ஐயுறுவார் உளர். இத்துணை மக்கள் நெருங்கிய மாநகரம் கைத்தொழிலால் மாத்திரம் வாழ இயலுமா? ஊர்திகளும் பொறிகளும் இன்றி ஒருநாளேனும் கழியுமா? இவ்வையம் நியாயமானதே. அவர் பொறிகளை முற்றும் விலக்கினாரல்லர். இன்றியமையாத சில பெருந்தொழில்கள் பொதுமக்கள் உடைமையாய் நடத்தலை ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் விடைகளில் எதை ஏற்பினும் எதை விடுப்பினும், அவர் வினாவை விடுத்தல் இயலாது. இதனால் வரும் பயன் வருவாயா, முதலின் அழிவா? தொழிற்சாலைக்கும் இவ்வினாவே, வீட்டின் ஆழ்துளைக் கிணற்றிற்கும் இவ்வினாவே. மழைநீர் புகுந்த அளவிற்கு மேல் நிலத்தடி நீரை இறைக்கும் இல்லத்தானும் முதலுண்பவனே.

இவ்வினாவை எழுப்புவோர் நம்மிடையே இல்லாமற் போகவில்லை. கொரட்டூர் ஏரியிற் கழிவுநீர் கலத்தலைத் தடுக்கவேண்டி அவ்வூர் மக்கள் ஒன்றுகூடித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடினர். ஏரிகளைக் காத்து ஆக்கிரமிப்பை அகற்றுதற்கென்று 2007-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சட்டமொன்றும் இயற்றப்பட்டது. சட்டம் ஏட்டில் இருப்பது போதாது. ஏரியின் எல்லையை அறிந்து, நீரின் அளவையும் தூய்மையையும் எழுதிவைத்து, ஆண்டுதோறும் கேட்கும் குடிமக்கள் வேண்டும். இயற்கையைக் காக்கும் அரசியல் என்பது பெரும்பாலும் இத்தகைய கணக்கு வேலையே. கோஷமிடுதல் ஒரு நாட்பணி. கணக்கெழுதுதல் ஆண்டு முழுவதும் செய்யும் பணி.

ஆதலின் வாணிகநூல் கற்கும் மாணவர், தம் கல்வி வங்கிக்கும் கம்பெனிக்கும் மாத்திரமே பயன்படுவது என்று கருதவேண்டா. தம் ஊர் ஏரி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் பண்டைய பரப்பு யாது, இன்றைய பரப்பு யாது, வரத்துக் கால்வாய்கள் எத்தனை, திறந்திருப்பவை எத்தனை, கலக்கும் சாக்கடைகள் எத்தனை என்று ஓராண்டு ஏடெழுதிப் பார்ப்பாராயின், அஃது எந்தத் தேர்வுத்தாளினும் சிறந்த பயிற்சியாகும். உளநூல் கற்பவர், தம் வீட்டு முற்றத்தைக் கோலமிட்டுக் காக்கும் அதே கை ஏரிக்கரையில் குப்பையைக் கொட்டுவதேன் என்று ஆராய்வாராக. அரசியல் கற்பவர், அவ்வேட்டையும் அவ்வாராய்ச்சியையும் ஊர்மன்றத்திலும் நகரமன்றத்திலும் எடுத்துரைப்பாராக. குமரப்பா தனியொருவராய் இம்மூன்று பணியையும் செய்தார். நாம் மூவர் கூடியேனும் செய்தல் இயலாதா?

முதலைக் காத்து வருவாயை உண்பவன் குடும்பம் வழிவழியாக வாழும் என்பதை நம் வீட்டுப் பாட்டிமாரும் அறிவர். அவ்வறிவை ஊர்க்கும் நாட்டிற்கும் உரியதாக்குதலே கற்றவர் கடமை. வரும் ஐப்பசி மழையில் நம் ஏரிகள் எவ்வளவு நிறைகின்றன, எவ்வளவு வீணே கடலுக்கு ஓடுகின்றன என்று அளந்தறிதலினின்றே அக்கடமையைத் தொடங்கலாம்.